அண்ணாச்சி, நீங்க யாரோட ஆளு?

பாளையங்கோட்டையில் ரூம் தேடி அலைஞ்சிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? 'இல்லை' என்றால் நீங்கள் ஹாஸ்டல்வாசி, அல்லது உள்ளூர்க்காரர். கொடுத்து வெச்சவங்க! மத்தவங்களுக்கு இந்த சீன் அத்துப்படி. மண்டையைப் பிளக்கிற வெயில். டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் போவார் புரோக்கர் அண்ணாச்சி. கக்கத்தில் ரெக்ஸின் பை, காதில் செல்போன். பின்னாலேயே உங்க பட்டாளம். பெருமாள்புரத்தில் ஒரு மாடி போர்ஷன், மகாராஜநகரில் ஒரு அவுட்ஹவுஸ், தியாகராஜநகரில் 'பேச்சுலர்ஸுக்குக் கிடையாது' என்று ஒரு கதவடைப்பு. ஒருவழியா ஒரு வீடு அமையும்.

அப்போ அண்ணாச்சி உங்க காதோரம் வந்து சொல்லுவார். "தம்பி, உங்களுக்காகத்தான் பேசிப் பேசி ஐந்நூறு குறைச்சிருக்கேன்." ரெண்டு நிமிஷம் கழித்து வீட்டுக்காரர் காதிலும் அதே குரல்: "உங்களுக்காகத்தான் நல்ல பயலுவளா பார்த்துக் கூட்டியாந்திருக்கேன்." முடிவில் இந்தப் பக்கம் ஒரு மாச வாடகை கமிஷன். அந்தப் பக்கமும் ஏதோ ஒன்று.

ரெண்டு பேருக்காகவும் ஒரே ஆள் எப்படிப் பேசுவார்? கபடியில் ஒரே ஆள் ரெண்டு டீமுக்கும் ரெய்டு போக முடியுமா?

ஒரு டிஸ்கி. புரோக்கர்களைத் திட்டுவதற்காக எழுதுவதில்லை இது. எந்தத் தெருவில் எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிதண்ணீர் வரும், எந்த வீட்டுக்காரம்மா ராத்திரி ஒன்பதுக்கு மேல் கேட்டைப் பூட்டுவார் என்பதெல்லாம் எந்த வெப்சைட்டிலும் கிடைக்காது. அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. அந்த அறிவுக்குக் கூலி கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால், கூலி கொடுக்கும்போது அவர் யாருடைய ஆள் என்று தெரிந்துதான் கொடுக்க வேண்டும்.

இந்த பிரின்ஸிபல் வேற!

இந்தக் கேள்விக்கு நம்ம நாட்டில் பதில் எழுதி வைத்து 150 வருஷத்துக்கு மேல் ஆச்சு. 1872-ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182-ம் பிரிவில் ஆரம்பித்து 238 வரைக்கும் ஒரு முழு அத்தியாயமே 'ஏஜென்ஸி' பற்றித்தான். யாருக்காக வேலை நடக்கிறதோ அவர் 'பிரின்ஸிபல்'. (இவர்கிட்ட லீவ் லெட்டர் கொடுக்க வேண்டாம்.) அவர் சார்பில் மூன்றாவது ஆளிடம் பேசுகிறவர் 'ஏஜென்ட்'. மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னால், பிரின்ஸிபல்தான் இன்ஜின், ஏஜென்ட் கியர்பாக்ஸ். ஏஜென்ட் போட்ட டீல், அவருக்குக் கொடுத்த அதிகாரத்துக்குள் இருந்தால், பிரின்ஸிபலே நேரில் வந்து போட்ட மாதிரி.

பவர் இவ்வளவு என்பதால் பொறுப்பும் அதிகம். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். முன்னீர்பள்ளம் பக்கம் உங்க தாத்தாவுக்கு 5 சென்ட் இடம். 'நல்ல விலைக்கு வித்துக் கொடுங்க' என்று ஒருத்தரிடம் சொல்கிறார். அந்த ஆள் 'சென்டு ரெண்டு லட்சத்துக்கு மேல ஒருத்தனும் கேக்கல' என்று சாதித்துவிட்டு, தன் மச்சினன் பேரில் தானே கிரயம் பண்ணிக்கொள்கிறார். ஆறு மாசத்தில் சென்டு மூணு லட்சத்துக்குக் கைமாறுகிறது. தாத்தா 'என் நேரம்' என்று திண்ணையில் உட்கார்ந்து வெத்தலை இடிக்க வேண்டியதில்லை. ஏஜென்ட் தன் முதலாளிக்குத் தெரியாமல் தானே பார்ட்டியாக மாறி முக்கியமான விஷயத்தை மறைத்திருந்தால், அந்த டீலையே ஏற்க மறுக்கலாம் என்கிறது 215-ம் பிரிவு. அதில் அவர் அடித்த லாபத்தையே கேட்கலாம் என்கிறது 216. கோர்ட் படி ஏறணும், நிரூபிக்கணும், அதெல்லாம் சுலபமில்லைதான். ஆனால் உரிமை இருக்கிறது. கேட்டால் கணக்குக் காட்டணும், சிக்கல் வந்தால் முதலாளியிடம் கேட்டுத்தான் முடிவெடுக்கணும் என்பதும் ஏஜென்ட்டின் கடமைப் பட்டியலில் இருக்கிறது.

சரி, நம்ம ரூம் மேட்டருக்கு வருவோம். இங்கே புரோக்கர் அண்ணாச்சி யாருடைய ஏஜென்ட்? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. எழுத்தில் ஒரு வரி கிடையாது. வம்பு வருவது அட்வான்ஸில்தான். 'ஓனர் ஊரில் இல்ல தம்பி, என்கிட்ட கொடுங்க' என்கிறார். நீங்களும் இருபதாயிரத்தை எண்ணிக் கொடுக்கிறீர்கள். பணம் வாங்கிக்கொள்ள ஓனர் அவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தால், அவரிடம் கொடுத்தது ஓனரிடம் கொடுத்ததுதான். கொடுக்கவில்லை, அப்படி நம்புகிற மாதிரி ஓனர் நடந்துகொள்ளவும் இல்லை என்றால்? 'நான் அந்த ஆளைப் பார்த்ததே கிடையாதே' என்று ஓனர் கையை விரித்தால் உங்க பணத்துக்கு நீங்கதான் அலையணும். அதனால் கொடுப்பதற்கு முன்னால் ஓனருக்கே ஒரு போன். ஓனர் கணக்குக்கே நேராகப் பணம். 'நம்ப மாட்டீங்களா தம்பி?' என்று அண்ணாச்சி முகம் சுருங்கினால் சுருங்கட்டும், சாயங்காலம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து சரி பண்ணிக்கலாம்.

இன்னொன்று. 'வீடு காட்டினதுக்கே இவ்வளவு' என்று கேட்பவர்கள் உண்டு. தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், வேலை முடிந்த பிறகுதான் ஏஜென்ட்டுக்குக் கூலி என்பது 219-ம் பிரிவு. 'பெட்ரோல் காசு' முன்னாடியே பேசியிருந்தால் கொடுங்க. பேசலைன்னா அது உங்க மனசு.

வாடகைக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். வேறுமாதிரி பேசி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஓனருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்கிற மேனேஜரும் சரி, ஓனரும் சரி, சண்டை என்றால் தண்ணியையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. செமஸ்டர் நேரத்தில் மோட்டாரை ஆஃப் பண்ணி மிரட்டுகிற ஆட்களுக்கு இதைக் காட்டுங்க.

வயலுக்கு நடுவே கொடி

வாடகையில் போனால் ஆயிரங்கள். மனையில் போனால் அப்பாவோட பி.எஃப். பணம்.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரிகிற கால்வாய்கள் பாயும் நஞ்சையில் கார், பிசானம் என்று ரெண்டு பூ நெல். 'இத்தனை கோட்டை விதைப்பாடு' என்று தாத்தாக்கள் வயலை அளந்த ஊர் இது. இப்போ சென்டுக் கணக்கு. கோடகன் கால், பாளையங்கால் ஓரமாக பைக்கில் போனால், நேற்று வரை வரப்பாக இருந்த இடத்தில் கல் ஊன்றி, கலர் கொடி கட்டி, '...நகர்', '...கார்டன்' என்று ஆர்ச் நிற்கும். (நெல்லுக்கு 'கார்டன்' என்று பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல!) ஆர்ச்சுக்குக் கீழே ஷாமியானா, மோர், கேசரி, வேன். இலவச சைட் விசிட்!

இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு எண்ணை. சொல்லப்போனால் ரெண்டு எண்கள்.

2016-ல் பார்லிமென்ட் போட்ட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், சுருக்கமாக 'ரெரா', 2017 மே 1 முதல் முழுசாக அமலுக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தில், அதாவது நம்ம கணக்கில் பன்னிரண்டரை சென்டுக்குக் கொஞ்சம் கம்மி, மனை பிரித்து விற்கிறவர் அந்த புராஜெக்டை தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யணும். எட்டுக்கு மேல் வீடு இருக்கிற அடுக்குமாடிக்கும் இதேதான். பதிவு எண் இல்லாமல் விளம்பரம்கூடப் பண்ணக் கூடாது. இது முதல் எண். அந்த மனையை விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட்டும் தனியாகப் பதிவு செய்யணும். 9-ம் பிரிவு. அவருக்கு ஒரு எண். முடித்துக் கொடுக்கிற ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணை அவர் எழுதியாகணும். இது ரெண்டாவது எண்.

ரெண்டையும் ஆணையத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்க்க அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. பதிவு ஆயுள் முழுக்க அல்ல, குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அதனால் தேதியையும் பாருங்க. வேறொரு நகரின் எண்ணை நோட்டீஸில் போட்டிருக்கலாம். எண்ணோடு சர்வே நம்பரும் ஊர்ப்பெயரும் பொருந்துதா என்றும் பாருங்க.

பதிவு பெற்ற ஏஜென்ட்டுக்கு 10-ம் பிரிவு சில கட்டுகள் போடுகிறது. பதிவு இல்லாத புராஜெக்டில் அவர் விற்பனைக்கு உதவவே கூடாது. கணக்குப் புத்தகம் வைக்கணும். புக் பண்ணும்போது உங்களுக்கு உரிமையான ஆவணங்களை எல்லாம் கிடைக்கச் செய்யணும். இல்லாத அப்ரூவலை இருப்பதாகச் சொல்லக் கூடாது, வாயால்கூட. 'எழுத்தில்தான் சொல்லலையே' என்று தப்பிக்க முடியாது, 'வாய்மொழியாகவோ' என்று சட்டத்திலேயே இருக்கு.

'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு தம்பி, அது போதும்' என்று இன்னமும் ஒரு டயலாக் காற்றில் உலவுகிறது. போதாது. விளைநிலங்களை முறையான அனுமதி இல்லாமல் மனையாக்கி விற்பதைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ல் போட்ட உத்தரவு தமிழ்நாட்டையே உலுக்கியது. சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. அதன்பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்பனை தொடங்கிவிட்ட பழைய மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. இன்றைக்குப் புதிதாகக் கல் ஊன்றுகிறவருக்கு அந்தக் கதவு கிடையாது. நகர் ஊரமைப்பு அனுமதி வேண்டும்.

அப்புறம் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் மிதந்ததை நாம எல்லாருமே பார்த்தோம். ஜங்ஷனே குளமானது. 'இங்கே தண்ணி ஏறவே ஏறாது' என்று சொல்கிற ஏஜென்ட்டிடம் வாதாட வேண்டாம். பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் அந்த டிசம்பரில் எதுவரை நின்றது என்று கேளுங்க. சுவரைத் தொட்டுக் காட்டுவார். அவருக்கு இதில் கமிஷன் இல்லை.

கேசரி சாப்பிட்டுவிட்டு நோட்டீஸைக் கசக்கித் தூக்கிப் போட்டுடாதீங்க. விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டமானால் நஷ்டஈடு கேட்கலாம். டீலே வேண்டாம் என்றால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது 12-ம் பிரிவு. அந்த நோட்டீஸ்தான் சாட்சி. அதேபோல, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் மொத்த விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. 'இன்னிக்கே பாதி கட்டினா தங்கக் காசு' என்கிற ஆஃபர் வந்தால் இந்தப் பத்து சதவிகிதத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனால் ரெராவுக்கும் எல்லை உண்டு. வாடகை புரோக்கர் இதில் வரமாட்டார். டவுனில் ஒருத்தர் தன் பழைய வீட்டை இன்னொருத்தருக்கு விற்கும்போது நடுவில் நிற்கிறவரும் வரமாட்டார். சட்டம் பேசுவது 'ரியல் எஸ்டேட் புராஜெக்ட்' விற்பனையை மட்டும்தான். மற்ற இடத்தில் எல்லாம் நமக்குத் துணை அந்த 1872-ம் வருஷத்துச் சட்டம்தான்.

பவர் ஸ்டார் இல்லை, பவர் பத்திரம்!

சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா ஊரில் இருக்கிற இடத்தை விற்க ஒருத்தருக்கு 'பவர்' எழுதிக் கொடுக்கிறார். இதுவும் ஏஜென்ஸிதான், முத்திரைத்தாளில் எழுதின ஏஜென்ஸி. பவர் வாங்கினவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை, ஏஜென்ட் மட்டும்தான். பவரையும் அக்ரிமென்டையும் கையில் கொடுத்துவிட்டு 'இடம் உங்களுக்கு வந்தாச்சு' என்று சொல்லும் பழக்கம் நாடு முழுக்க இருந்தது. 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் சொத்து கைமாறாது.

சொத்தில் ஏஜென்ட்டுக்கே சொந்தமாக உரிமை இருக்கிற சில கேஸ் தவிர, கொடுத்தவர் இறந்துபோனால் பவரும் செத்துப்போகும். அதனால்தான் பவர் ஏஜென்ட் கிரயம் பண்ண வந்தால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆயுள் சான்று கேட்கிறார்கள். உங்க வீட்டில் யாராவது பவர் ஏஜென்ட்டிடம் இடம் வாங்கப் போனால், சித்தப்பாவுக்கே ஒரு வீடியோ கால் போட்டுடுங்க. 'ஹலோ' என்று அவர் சொன்னால் பாதி செக்கிங் ஓவர். மீதிப் பாதி, பவரை அவர் ரத்து பண்ணியிருக்கிறாரா என்பது. வில்லங்கச் சான்றிலும் பாருங்க, சித்தப்பாவிடமே நேராகவும் கேளுங்க.

அந்த சிங்கப்பூரிலேயே புரோக்கர் கதை எப்படித் தெரியுமா? 2010-ல் தனிச் சட்டம் போட்டு, ஒரே டீலில் ஒரே ஏஜென்ட் ரெண்டு பக்கத்துக்கும் ஆஜராகக் கூடாது என்று தடை பண்ணிவிட்டார்கள். அமெரிக்காவில் பெரிய வழக்கு ஒன்றின் சமரசத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 17 முதல், வீடு சுற்றிக் காட்டுவதற்கு முன்னாலேயே வாங்குபவரோடு ஏஜென்ட் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கூலி எவ்வளவு என்று சொல்லிவிடணும். நம்ம நாட்டில் மகாராஷ்டிராவில் 2023-ல் இருந்து ஏஜென்ட்டுகளுக்குப் பரீட்சையே வைக்கிறார்கள். (அரியர் உண்டா என்று தெரியவில்லை!) நம்ம பக்கம் 'ரெண்டு பக்கமும் கமிஷன்' என்பதை யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. ரெண்டு பேருக்கும் தெரிந்து, ரெண்டு பேரும் சம்மதித்து நடந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. தெரியாமல் நடப்பதுதான் உறுத்துகிறது.

பாக்கெட் மணி பார்ட்டிகளே...

இதுவரைக்கும் படித்துவிட்டு 'நான் எங்கே மனை வாங்கப் போறேன்' என்று பக்கத்தைப் புரட்டப் போறவங்களே, ஒரு நிமிஷம். நீங்கதான் இந்தக் கட்டுரையின் ஹீரோ.

காலேஜ் கேட்டில் ஒருத்தர் கார்டு நீட்டுவார். 'பார்ட் டைம் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்! இன்வெஸ்ட்மென்ட் வேண்டாம். தெரிஞ்சவங்களை சைட்டுக்குக் கூட்டிட்டு வந்தா போதும். மனை முடிஞ்சா கைமேல காசு.' உங்களுக்கும் ஆசை. பைக்குக்குப் பெட்ரோல் போடலாம், புராஜெக்ட் செலவுக்கு ஆகும். மாமாவிடம் சொல்வீர்கள், ட்யூஷன் சாரிடம் சொல்வீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஆர்ச்சோடு செல்ஃபி போடுவீர்கள்.

ரெரா சட்டத்தில் 'ஏஜென்ட்' என்பதற்கு என்ன விளக்கம் தெரியுமா? புராஜெக்ட் விற்பனையில் பேசி முடிக்கிறவர் மட்டும் அல்ல; வாங்குகிறவரையும் விற்கிறவரையும் எந்த ஊடகம் வழியாகவாவது அறிமுகம் செய்து வைத்து, அதற்குக் கமிஷனோ கட்டணமோ வாங்குகிறவரும் ஏஜென்ட்தான். 'புரோக்கர், இடைத்தரகர், என்ன பெயரில் அழைத்தாலும் சரி' என்கிற அர்த்தத்தில் வாசகம் இருக்கு. 'எக்ஸிகியூட்டிவ்' என்று கார்டு அடித்துக் கொடுத்தாலும் மாறாது. பதிவு பெற்ற கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது வேறு கதை. மனைக்கு இவ்வளவு என்று தனியாகக் கமிஷனுக்கு ஆள் பிடித்தால், பதிவு எண் வேண்டியவர் நீங்களே.

இல்லாமல் செய்தால்? 62-ம் பிரிவு. தப்பு தொடர்கிற ஒவ்வொரு நாளுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அந்த மனை விலையில் 5 சதவிகிதம் வரை போகலாம். பத்து லட்ச ரூபாய் மனை என்றால் ஐம்பதாயிரம். அஞ்சே நாளில் தொட்டுவிடலாம். உங்க கமிஷன் எவ்வளவு? கழித்துப் பாருங்க, கால்குலேட்டர் தேவைப்படாது.

அபராதத்தை விடுங்க. அந்த மனைக்கு அனுமதி இல்லை என்று நாளைக்குத் தெரிந்தால், ட்யூஷன் சார் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்? ஆர்ச்சும் ஷாமியானாவும் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருக்கும். நீங்க இங்கேதான் இருப்பீங்க.

'எனக்கு இந்த வேலை நிஜமாவே பிடிச்சிருக்கு, நல்லாப் பேச வருது' என்கிறவங்க ஒதுங்க வேண்டாம். பதிவு செய்துட்டே இறங்குங்க. ஃபோட்டோ, பான் கார்டு, முகவரிச் சான்று, கட்டணம் என்று விண்ணப்பம்தான், பெரிய வித்தை இல்லை. எண் வந்ததும் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே அதைப் போடுங்க. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, யாரை எந்தத் தேதியில் எந்த சைட்டுக்குக் கூட்டிப் போனீங்க, யாரிடம் எவ்வளவு வாங்கினீங்க என்று எழுத ஆரம்பிங்க. வாங்க வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிடுங்க: 'மாமா, இதில் எனக்குக் கம்பெனி காசு தருது, நான் அவங்க ஆளு.'

அப்படிச் சொல்லியும் மாமா வேனில் ஏறினால், அவருக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுங்க. வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவரே பார்த்துக்கட்டும்.